வெள்ளச்சிக்கு மட்டும் விலக்கு

செம்பி செத்த துக்கம் கனகராஜ் வீட்டில் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்கு யாரும் யாரையும் விடவுமில்லை.

இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோப்பெங்குக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் பால்மரக்காடாக இருந்து இப்போது எண்ணெய்ச் செம்பனையாகிவிட்ட தோட்டத்தில் கனகராஜ் மாடு வளர்க்கிறார். லயத்து வரிசை வீடுகளை உடைத்துச் சனங்களைத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பியபோதும், மாட்டுக்கொட்டகையை மட்டும் கம்பெனி விட்டுவைத்தது. மரத்தடிப் புல்லை மாடு தின்றால் கம்பெனிக்கும் வேலை மிச்சம்தானே. ஆனால் மாட்டோடு உண்ணியும் வந்தது. குலை வெட்டுகிற ஆட்கள் காலெல்லாம் தடித்துப்போய் முறையிட்டார்கள். போன வாரம் நிறைசினையாக இருந்த செம்பி, உண்ணிக் காய்ச்சலில் சிவப்பாக மூத்திரம் பெய்து, நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டு மகள் புனிதா ஈப்போவில் அறை எடுத்துத் தங்கி, முனைவர் பட்டத்துக்கு ஆராய்வதே இந்த உண்ணிகளைத்தான். கணிதம் படித்தவள். எத்தனை நாளுக்கு ஒருமுறை மருந்தடித்தால் எவ்வளவு காலத்தில் உண்ணி ஒழியும் என்று அவள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அண்ணன் தீபன் அதன்படி அடித்துவந்தான். செம்பி செத்த அன்று ஊரே கூடி நிற்கையில், "உன் கணக்குதான்டி அதக் கொன்னுச்சு" என்று தங்கை முகத்துக்கு நேராகச் சொன்னான் தீபன். "மருந்துல தண்ணி ஊத்துனது நீ" என்றாள் அவள். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் பத்துமலை அதே கூட்டத்தில் நின்று, "உண்ணி புடிச்ச மாட்டயெல்லாம் வெளியேத்துங்க, என் ஆளுங்க பாவம்" என்று சத்தம் போட்டார்.

கம்பெனி மேனேஜர் கொஞ்சம் காது கொடுக்கிற மனிதர். "மருந்தடித்தும் உண்ணி ஏன் குறையவில்லை என்று காரணம் சொல்லுங்கள், மாடு இருக்கட்டும். சொல்ல முடியாவிட்டால் கொட்டகையைப் பிரியுங்கள்" என்று தவணை கொடுத்தார். தவணை நாளைக் காலையில் முடிகிறது.

இன்று ஞாயிறு. விடிந்ததிலிருந்து புனிதா கணினியைவிட்டு எழவில்லை. பசியாறவுமில்லை.

உண்ணியை நாம் மாட்டின் மேல்தான் பார்க்கிறோம். ஆனால் மாட்டின் மேல் இருப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் முட்டையாகவும் குஞ்சாகவும் புல்லில் கிடக்கிறது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் புல்நுனியில் ஏறி, ஏதாவது மாடு உரசிப்போகாதா என்று காத்திருக்கும். ஏறிய குஞ்சு வளர்ந்து உப்பி விழுவதற்கு மூன்று வாரமாகும். அதற்குள் மருந்தடித்துக்கொண்டே வந்தால் ஒரு பெண் உண்ணிகூட முட்டையிடப் பிழைக்காது. புல்லில் காத்திருப்பவையும் ஒன்று மாட்டில் ஏறி மருந்தில் சாகும், அல்லது பட்டினியில் சாகும். புனிதாவின் சமன்பாடுகள் சொன்னது இவ்வளவுதான்.

அவள் மாதாமாதம் தோட்டத்துக்குப் போய், ஒரு வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்து, ஒட்டிக்கொண்ட குஞ்சுகளை எண்ணி வருவாள். அந்த எண்ணிக்கை முதலில் சரசரவென்று இறங்கியது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏறவில்லை, இறங்கவுமில்லை. அந்த நேர்கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது.

அண்ணன் மருந்தில் தண்ணீர் கலந்திருந்தால்? போட்டுப் பார்த்தாள். அப்படியானால் கோடு தொடக்கத்திலிருந்தே சோம்பலாக இறங்கியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. உண்ணிகளுக்கு மருந்து பழகிவிட்டிருந்தால்? எண்ணிக்கை திரும்ப ஏறியிருக்க வேண்டும். அதுவும் இல்லை.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. எல்லா மாட்டுக்கும் மருந்து போகிறது என்று அவள் முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டு, அதன்பிறகு திரும்பிக்கூடப் பார்க்காத வரி. அதை மாற்றினாள். இரண்டு மூன்று மாடு மட்டும் மருந்தே காணாமல் மற்றவற்றோடு மேய்வதாக வைத்துக் கணக்கை ஓட்டினாள்.

கோடு சரசரவென்று இறங்கி, அதே இடத்தில் போய் நின்றது. அவள் எண்ணிய எண்ணிக்கையின் மேலேயே படிந்து உட்கார்ந்தது.

சந்தோஷம் வர வேண்டிய இடம். அவளுக்கு வந்தது ஆத்திரம். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், கோப்பெங் வந்து சேரும்வரை வாய்க்குள் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

தீபன் ஈப்போவில் டயர் கடையில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பகலில் கொட்டகைப் பக்கம் இருப்பான். மாடுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவன் முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தான்.

"எத்தன மாட்ட விட்ட?" என்றாள் புனிதா, காரிலிருந்து இறங்கும்போதே.

"வந்துட்டாங்க லா புரொபசரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுண்ணே. எத்தன மாட்டுக்கு ராச்சுன் மருந்து அடிக்காம விட்ட?"

தீபன் பம்பை நிறுத்தினான். "போன வாரம் தண்ணி ஊத்துனேன்ன. இந்த வாரம் மாட்ட விட்டேங்கற. அடுத்த வாரம் நாந்தான் உண்ணின்னு சொல்லுவ. போயிரு புனிதா, வாயில ஏதாச்சும் வந்துரும்."

"தண்ணி ஊத்தல. அது என் தப்பு. நா சொன்னது தப்பு. போதுமா? இப்பக் கேக்கறது வேற."

மன்னிப்பைக்கூட அடிப்பதுபோல் கேட்கிற தங்கையை அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பம்பைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"கட்டியிருக்கற மாடு அத்தனைக்கும் அடிச்சேன். ஒண்ணு விடல. சாமி சத்தியமா."

"கட்டாத மாடு?"

"கட்டாத மாடு ஏது? அப்பாதான் எல்லாத்தையும் கட்டிட்டு..." தீபன் பாதியில் நின்றான். "மருந்தடிக்கற அன்னிக்கி வெள்ளச்சி மட்டும் இங்க இருக்காது, ஆத்துப் பக்கம் கட்டியிருக்கும். அது என்னைய ஒதைக்கும்னு, அதுக்கு அப்பாவே அடிச்சிக்கறேன்னாரு. எப்பவும் அப்பிடித்தான்."

"அடிச்சத நீ பாத்தியா?"

இரண்டு பேரும் ஆற்றுப் பக்கம் நடந்தார்கள். நடந்தார்கள் என்ன, ஓடினார்கள் என்றே சொல்லலாம்.

வெள்ளச்சி அங்கே ரம்புத்தான் மரத்தடியில் தனியாகக் கட்டிக் கிடந்தது. கொட்டகையிலேயே அழகான பசு. கழுத்தில் மஞ்சள் கயிறு. புனிதா குனிந்து மடியைப் பார்த்தாள். வாலைத் தூக்கினாள். ஆமணக்கு விதைகளை அள்ளி ஒட்டவைத்ததுபோல் உப்பிப்போன உண்ணிகள். அவள் பார்க்கும்போதே ஒன்று கழன்று புல்லில் விழுந்தது. அதைச் செருப்பால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் லா. செத்துருச்சு" என்றான் தீபன். பிறகு தலைத்தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "மழையில நனைஞ்சி, லீவுநாள்ல எல்லாம் வந்து அடிச்சேனே. என்னையப் பைத்தியக்காரன்னு நெனச்சாரா அந்தாளு?"

அவர்கள் கொட்டகைக்குத் திரும்பியபோது கனகராஜின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் அம்மா செல்லாயி, மடியில் சோற்றுக் கேரியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. வந்து நிற்கிற நிற்பைப் பார்த்தே தாய்க்குப் புரிந்துவிடும்.

"வெள்ளச்சிக்கு ஏம்ப்பா மருந்து அடிக்கல?" என்றாள் புனிதா.

கனகராஜ் ஸ்டாண்டைப் போட்டார். புல்லுக்கட்டை இறக்கினார். "யாரு சொன்னா அடிக்கலன்னு?"

"பாத்துட்டுத்தான் வாரோம்."

"என் மாடு. எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?" தீபன் முன்னால் வந்தான். "செம்பி செத்துச்சே, அது தெரியுமா? இந்த ஒரு மாட்டுலருந்து உதுருற உண்ணி எல்லா மாட்டுக்கும் ஏறுதுப்பா. நா முன்னால கூட்டறேன், நீங்க பின்னால குப்பையக் கொட்டறீங்க!"

"சத்தத்தக் கொறைடா."

"கொறைக்க மாட்டேன். ஊருக்கு முன்னால இவ என்னையத் திட்டுனா, நா இவளத் திட்டுனேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. அப்பக்கூட வாயத் தொறக்கல பாருங்க!"

கனகராஜின் கை ஓங்கியது. முப்பது வயது மகன் ஒதுங்கவில்லை. ஓங்கிய கையை அவர் மெல்ல இறக்கி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மனிதர் உள்ளே வெந்துகொண்டிருந்தார். ஆனால் வாயை மட்டும் திறப்பதாக இல்லை.

"நாளைக்கி மேனேஜர் வாராரு" என்றாள் புனிதா. "காரணம் சொல்லலன்னா கொட்டாயப் பிரிக்கணும். காரணம் உங்க கையில இருந்திருக்கு. இத்தன நாளா நா அங்க உக்காந்து தலைய ஒடைச்சிக்கிட்டு இருக்கேன், நீங்க இங்க மாட்ட ஒளிச்சி வெச்சிக்கிட்டு இருக்கீங்க. ஏம்ப்பா? ஏன்? அதயாச்சும் சொல்லித் தொலைங்களேன்!"

"அவர விடு" என்றாள் செல்லாயி.

அதுவரை கேரியரை இறக்கிக்கூட வைக்காமல் நின்றிருந்தாள். "அவரப் போட்டு ஏன் உருட்டுறீங்க? நாந்தான் அடிக்கக் கூடாதுன்னேன். அது வேண்டுதல் மாடு."

"என்னா வேண்டுதல்?"

"ஒனக்குத்தான்டி."

புனிதாவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை.

"படிப்பே வேணாம்னுட்டு வந்து, சோத்தத் தள்ளிட்டு, செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தியே. வாத்தியாரு நீ எழுதுனதத் திருப்பிக் குடுத்துட்டாருன்னு. அப்ப நா கல்லுமலைக்குப் போனேன். இந்தப் புள்ள படிப்ப முடிச்சிரணும், வெள்ளச்சி பால்லயே ஒனக்குக் கொடம் எடுக்கறேன் முருகா, அது மேல வெசம் ஒரு சொட்டு படாம பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். வர்ற தைப்பூசத்துக்கு எடுக்கணும்."

தீபன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "கேட்டியா புனிதா? ஒன் கணக்கு ஜெயிக்கணும்னுதான் ஒன் கணக்கக் கெடுத்துருக்காங்க."

"நா கேட்டனா?" புனிதா கத்தினாள். "எனக்காக வேண்டிக்கங்கன்னு நா கேட்டனாம்மா?"

"கேட்டுட்டா எல்லாம் செய்யறாங்க?" என்று செல்லாயியும் குரலை உயர்த்தினாள். "கேக்காமத்தான் பெத்தேன். கேக்காமத்தான் வளத்தேன். இதுக்கு மட்டும் ஒன்கிட்ட சைன் வாங்கணுமா?"

"சொல்லியாச்சும் இருக்கலாமே!"

"சொன்னா நீ என்னா சொல்லிருப்ப? மூடநம்பிக்கைம்ப. மொறைப்ப. போன் எடுக்க மாட்ட."

அது உண்மை. அப்படித்தான் சொல்லியிருப்பாள். மழைக்கும் வெயிலுக்கும் புல்லின் உயரத்துக்கும் தன் கணக்கில் இடம் வைத்தவள், வீட்டுக்கு வந்துபோன எத்தனையோ நாளில் ஒருநாள்கூட அம்மாவிடம் எல்லா மாட்டுக்கும் மருந்தடிக்கிறீர்களா என்று கேட்டதில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தீபன் வைத்துவிட்டு வந்த பம்பைத் தூக்கினாள். ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

"ஏ புள்ள, வேணாம்!" கனகராஜ் ஓடிவந்து வெள்ளச்சிக்கு முன்னால் நின்றார். "இன்னும் கொஞ்ச நாள்தான். தைப்பூசம் முடியட்டும். ஒங்கம்மா மனச ஒடைக்காத."

"நகருங்கப்பா."

"அடிக்கணும்னா என் மேல அடி."

"தைப்பூசத்துக்குக் கொடம் எடுக்க மாடு இருக்கணும்ல? நாளைக்கே லோரி வந்து எல்லாத்தையும் ஏத்துனா எந்தப் பசுவுல பால் கறப்பீங்க?"

அவர் நகரவில்லை. அவளும் பின்வாங்கவில்லை. இந்த இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு.

மகளின் தோளிலிருந்து பம்பைக் கழற்றியது செல்லாயிதான். கைலியை ஏற்றிச் செருகிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. புருஷனை ஒரு கையால் விலக்கிவிட்டு, வெள்ளச்சியின் மடியில், வாலடியில், காதுக்குள், கழுத்து மடிப்பில் என்று ஓரிடம் விடாமல் அடித்தாள். மஞ்சள் கயிறும் நனைந்து கருத்துப்போயிற்று. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"இந்தா. போதுமா?" பம்பை மகள் காலடியில் வைத்தாள். "முருகனுக்கு நா பதில் சொல்லிக்கறேன். நீ ஒன் மேனேஜருக்குச் சொல்லிக்க."

புனிதா அம்மாவின் கையைத் தொடப் போனாள். செல்லாயி கையை இழுத்துக்கொண்டு, ஆற்றோரமாகப் போய்க் கழுவத் தொடங்கினாள்.

தீபன்தான் முதலில் மூச்சுவிட்டான். "சரி, விடு. நாளைக்கி உள்ளதச் சொல்லிருவோம். ஒரு மாடு தெரியாம விட்டுப்போச்சு, இப்ப அடிச்சாச்சு. காரணம் கெடச்சிருச்சில்ல? அவரு கேட்டது அவ்ளோதான்."

புனிதா தலையை ஆட்டினாள். "ஒரு மாடு பத்தாதுண்ணே."

"என்னா பத்தாது?"

"வெள்ளச்சி மட்டும்னா எண்ணிக்கை இன்னும் கீழ போயிருக்கணும். போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். இன்னும் ஒண்ணு ரெண்டு மாடு இருக்கணும். மருந்தே படாதது, நம்ம மாட்டோடயே மேயறது."

கனகராஜ் சட்டென்று திரும்பி, புல்லுக்கட்டு இருந்த பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"அப்பா."

அவர் நின்றார். இந்த முறை அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"பத்துமலை மாடு ரெண்டு" என்றார் கனகராஜ். "பகல்ல நம்மளுதோட மேயும். பொழுதுசாய அவன் குவாட்டர்ஸ் பின்னால போயிரும். தோட்டத்துல வேல செய்யறவங்க மாடு வெச்சிக்கக் கூடாதுன்னு கம்பெனியில ரூலு. தெரிஞ்சா வேல போயிரும், குவாட்டர்ஸும் போயிரும். அதான் நா யார்கிட்டயும் சொல்லல."

"அந்த மண்டோரா?" தீபனுக்கு நரம்பு புடைத்தது. "செம்பி செத்தன்னைக்கி, உண்ணி புடிச்ச மாட்ட வெளியேத்துன்னு கத்துனாரே, அவரா?"

"கத்தலன்னா அவன் மேல சந்தேகம் வரும்னு கத்திருப்பான். விடுறா. லயத்த ஒடச்சப்ப இந்தக் கொட்டாய விட்டுவைக்கச் சொல்லித் மேனேஜர் தொரைகிட்ட மல்லுக்கட்டுனது அவன்தான். அவன் இல்லன்னா அன்னிக்கே நம்ம மாடெல்லாம் கசாப்புக்குப் போயிருக்கும்." அவர் மகளைப் பார்த்தார். கும்பிடப்போகிறவர்போலக் கைகள் சேர்ந்தன. "நாளைக்கி அவன் பேர மட்டும் எடுத்துராத, தாயி. வெள்ளச்சியோட நிறுத்திக்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா? அந்த ரெண்டு மாடும் மேயற வரைக்கும் உண்ணி போவாதுப்பா. மூணு மாசத்துல திரும்ப மேனேஜர் வந்து நிப்பாரு. அப்ப எதச் சொல்றது?"

"அப்பப் பாத்துக்கலாம்."

"அப்பப் பாத்துக்கலாம், அப்பப் பாத்துக்கலாம்னுதான் செம்பி போச்சு!"

அவள் கத்தியது செம்பனை மரங்களைத் தாண்டிக் கேட்டிருக்கும். கேட்டதோ என்னவோ, மண் சாலையில் மோட்டார் சத்தம் நெருங்கியது. மண்டோர் பத்துமலையேதான். மோட்டாரை நிறுத்தாமலே காலை ஊன்றிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"என்னா, குடும்பமே இங்க இருக்கு? என்ன புனிதா, நாளைக்கி தொரை காலையிலயே வந்துருவாரு. காரணம் கண்டுபுடிச்சிட்டியா இல்லியா?"

"வாங்கண்ணே" என்று செல்லாயி ஈரக்கையோடு அவசரமாக வந்தாள். "சோறு கொண்டாந்துருக்கேன், ஒரு வாய்..."

"கண்டுபுடிச்சிட்டேன் மாமா" என்றாள் புனிதா.

"அலமாக்! கெட்டிக்காரி. என்னா காரணம்?"

கனகராஜின் கண்கள் மகளைக் கெஞ்சின. புனிதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பம்பைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள்.

"இதுல இன்னும் மருந்து மிச்சம் இருக்கு மாமா. ஒங்க மாடு ரெண்டையும் இப்பவே ஓட்டிக்கிட்டு வாங்க. இன்னிக்கி அடிச்சி, இனிமே ஒவ்வொரு தடவையும் எங்க மாட்டோட நின்னா, நாளைக்கி நா ஒங்க பேரச் சொல்ல மாட்டேன். வரலன்னா சொல்லுவேன்."

பத்துமலை மோட்டாரை அணைத்தார். சிரிப்பும் அதோடு அணைந்தது. அவளைத் தாண்டி, ஒதுங்கி நின்ற பழைய சிநேகிதனைப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"ஒம்மவ என்னமோ சொல்லுது கனகு. நீ சொல்லு. எனக்கேது மாடு?"

மனைவியும் மகனும் மகளும் கனகராஜின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.